வெயிலில் பூப்பவை: காட்டுப்பூ பார்க்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதத்தில் ஒரு காலை, மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். வர வேண்டிய வண்டி முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. நிழலுக்கு ஒரு வேப்பமரம், உட்கார ஒரு மைல்கல். வேறு வேலை இல்லாததால் காலடியைப் பார்த்தேன். தரையோடு ஒட்டிப் படர்ந்த கொடியில் சுண்டுவிரல் நகம் அளவில் மஞ்சள் பூக்கள். அத்தனையும் கிழக்கே முகம் வைத்திருந்தன. நெருஞ்சி! முள்ளாகக் காலில் ஏறும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். பூவாக அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து இதழ், நடுவில் மகரந்தம், அதில் எறும்பைவிடச் சற்றே பெரிய ஒரு தேனீ. பேருந்து வந்தபோது ஏறவே மனமில்லை.

“கோடையில் ஏதுங்க காட்டுப்பூ? எல்லாம் காய்ந்து கிடக்குதே” என்று கேட்பவர்கள் அதிகம். நம்முடைய சமவெளிக் கோடை பூக்கிற காலம்தான். மரம் பூக்கிறது, புதர் பூக்கிறது, தரையும் பூக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் பூக்கிற நேரம் வேறு, உயரம் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் எந்த ஊர் எல்லையிலும் ஒரு மணி நேரம் நடந்து பத்துப் பூவாவது பார்த்துவிட்டு வரலாம். ஊட்டி, கொடைக்கானல் பூக்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி போன்ற வறண்ட ஊர்களின் தரிசும் கண்மாய்க்கரையும்தான் நான் நடந்து பழகிய இடங்கள். பங்குனி தொடங்கி ஆனி வரைக்குமான காலத்தையே சொல்லப்போகிறேன்.

## முதல் படி: வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள்

ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி எட்டு மணிக்குள் வீடு திரும்புவது நல்லது. கத்திரி வெயில் அடிக்கும் மே மாதத்தில் இந்த வரையறையைத் தளர்த்தவே வேண்டாம். உடம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நெருஞ்சி காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் வாடிவிடும். இலுப்பைப்பூ விடிவதற்கு முன்பே உதிரத் தொடங்கிவிடும். தேனீக்கள் சுறுசுறுப்பாக இருப்பதும் காலையில்தான்.

மாலையில் மட்டும் விரியும் பூக்களும் இருக்கின்றன. துத்தியின் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ பிற்பகலுக்குப் பிறகுதான் வாய் திறக்கும். காலையில் அதே செடியைப் பார்த்தவர் “இது பூக்காத செடி” என்று முடிவுகட்டிவிடுவார். அதனால் வாரத்தில் ஒருநாளாவது மாலை ஐந்தரைக்கு மேல் அதே பாதையில் நடந்து பாருங்கள்.

## இரண்டாம் படி: புதிய இடம் தேட வேண்டாம், ஒரே பாதையைப் பிடியுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வாரம் ஒரு ஊர் என்று அலைவது. ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரே பாதை போதும். அதில் கொஞ்சம் கண்மாய்க்கரை, கொஞ்சம் தரிசு, ஒரு வேலி, ஒரு பழைய கோயிலோ மயானமோ இருந்தால் இன்னும் நல்லது. மனிதர்கள் அதிகம் வெட்டித் திருத்தாத இடங்களில்தான் பழைய செடிகள் மிஞ்சியிருக்கும். கிராமத்துக் கோயில்காடுகளில் சாமிக்குப் பயந்து ஒரு குச்சியும் ஒடிக்க மாட்டார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத மரம் அங்கே நிற்கும். மதுரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குன்றும் சுனையும் குடைவரைக் கோயிலும் சேர்ந்த இடம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கோடையில் புல் சருகாகிக் கிடக்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கக்கூடாது. பட்டா நிலமாக இருந்தால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடங்கள். பூ பார்க்க வந்தேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களே “அந்தப் பக்கம் ஒண்ணு பூத்திருக்கு, பார்த்தீங்களா?” என்று கூப்பிடுவார்கள்.

## மூன்றாம் படி: கையில் என்ன வேண்டும்

அடி தடித்த மூடிய காலணி, முழுக்கால் சட்டை, தலைக்குத் துண்டோ தொப்பியோ, ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு நோட்டும் பேனாவும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த ஒரே பொருள் அதுதான். கண்ணுக்கு நெருக்கமாக லென்ஸைப் பிடித்துக்கொண்டு பூவை லென்ஸ் பக்கம் கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸைப் பூவின் மேல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்க்கிறார்கள், ஒன்றும் தெரிவதில்லை என்கிறார்கள்.

ஒரு குச்சி வைத்துக்கொண்டால் புதருக்குப் பக்கத்தில் போகுமுன் தட்டிவிட்டுப் போகலாம். பாம்பும் காலை வெயில் காய வரும்.

## நான்காம் படி: முதலில் அண்ணாந்து பாருங்கள்

கோடையின் பெரிய பூக்கள் தலைக்கு மேலே இருக்கின்றன. காரணம் எளிமையானது. நம் மரங்களில் பல பங்குனியில் இலை உதிர்த்துவிடும். இலை மறைக்காத கிளையில் பூ தூரத்திலிருந்தே பறவைக்கும் வண்டுக்கும் தெரியும். மழை இல்லாததால் மகரந்தம் நனைந்து வீணாகாது. இப்போது பூத்துக் காய்த்தால்தான் மழை வரும் நேரத்துக்கு விதை தயாராக இருக்கும். மரம் வெயிலைச் சகித்துக்கொண்டு பூக்கவில்லை. வெயிலைக் கணக்கு வைத்துத்தான் பூக்கிறது.

இந்த வரிசையில் முதலில் வருவது புரசு. மாசி, பங்குனியிலேயே இலையற்ற கிளைகளில் கிளிமூக்கு வடிவத்தில் செம்மஞ்சள் பூக்கள். சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரிலேயே இந்த மரம் இருக்கிறது. அதன் பிறகு சரக்கொன்றை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் எல்லா மரத்தையும் கொன்றை என்று சொல்லிவிடுகிறோம். பூங்கொத்து சரமாகக் கீழ்நோக்கித் தொங்கினால் அது சரக்கொன்றை. அதன் காய் முழ நீளத்துக்குக் கறுத்த குழல்போல இருக்கும். கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்று, காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருந்தால் அது பெருங்கொன்றை. இயல்வாகை என்றும் சொல்வார்கள். சிவப்பாகக் கொட்டும் குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. அழகுதான், ஆனால் நம் காட்டு மரமல்ல.

பிறகு புங்கம். ஒரு வாரம் மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். அடுத்த வாரம் மரத்தடியில் பொரி சிந்தினாற்போல வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடக்கும். அந்தப் பொரியில் ஒன்றை எடுத்து லென்ஸில் பாருங்கள். அவரைப்பூவின் அமைப்பு அப்படியே தெரியும். புங்கமும் அவரைக் குடும்பம்தான். வேம்பு பூக்கும் வாரத்தில் பகலைவிட இரவில் வாசம் தூக்கலாக இருக்கும். வாகையின் பூ மஞ்சள் கலந்த வெள்ளை நூல்குஞ்சம். பூ முடிந்து காய் காய்ந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் மரம் கலகலவென்று சத்தம் போடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இலுப்பை. பழைய கோயில் தோப்புகளில் தேடுங்கள். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து பூவைச் சப்பிவிட்டுப் போகும். விடியும் முன் கெட்டியான வெளிர்மஞ்சள் இதழ்க்குவளைகள் பொத்பொத்தென்று விழும். ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்தால் இனிப்பு. பின்னால் லேசாக ஒரு காட்டு நெடி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஏன் சொன்னார்கள் என்பதை நாக்கு அப்போது தெரிந்துகொள்ளும்.

குன்றடிவாரத்தில் நடப்பவர்கள் வெட்பாலையை விட்டுவிடாதீர்கள். சிறிய மரம், வாசமுள்ள வெள்ளைப் பூ, பூவின் நடுவே கிழித்துவிட்ட துணி ஓரம்போலக் குஞ்சம். காய்கள் இரண்டிரண்டாக மெல்லிய குச்சிபோலத் தொங்கும், நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி இருக்கும். சன்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடைய இதன் கட்டையைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள்.

## ஐந்தாம் படி: பிறகு உட்காருங்கள்

நின்றுகொண்டு தரைப்பூவைப் பார்க்க முடியாது. குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால்தான் தரை விரியும்.

எங்கும் கிடைக்கும் ஒன்றில் தொடங்குவோம்: மூக்குத்திப்பூ. காம்பு மட்டும் ஒரு சாண் உயர்ந்து நுனியில் மூக்குத்தி அளவில் மஞ்சள் பூ. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது முட்டியில் அடிபட்டால் இதன் இலையைக் கசக்கிப் பிழிவோமே, அந்த வெட்டுக்காயப்பூண்டுதான். லென்ஸை வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பூ என்று நினைத்தது ஒரு பூ அல்ல. நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குழல்பூ. ஓரத்தில் இதழ்போலத் தெரிவதும் தனிப்பூதான். அதன் நுனியில் மூன்று பல் இருக்கும். ஒரு காம்பில் ஒரு கூட்டமே குடியிருக்கிறது. சூரியகாந்திக்கும் செவ்வந்திக்கும் இதே கதைதான். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தக் குடும்பத்தையே வாழ்நாள் முழுக்க அடையாளம் சொல்லிவிடலாம்.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்குங்கள். ஈரம் கடைசியாக நின்ற இடத்தில் பொடுதலை பாய்விரித்திருக்கும். வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகக் குட்டிக் கிரீடம்போலப் பூ. அந்தக் காய்ந்த வெளியில் பட்டாம்பூச்சிகளுக்கு அதுவே சாப்பாட்டுக்கடை. கரைமேட்டில் கண்டங்கத்திரி படர்ந்திருக்கும். இலையிலும் முள், தண்டிலும் முள், நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் நட்சத்திரம்போல ஒரு பூ.

மஞ்சளாக, காகிதம்போல மெல்லிய இதழும் வெள்ளைக்கோடு ஓடிய முள்ளிலையும் இருந்தால் அது பிரமதண்டு. மெக்சிகோவிலிருந்து வந்து ஊரெல்லாம் பரவியது. இதன் விதை கடுகைப்போல இருக்கும், விஷம். கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால் வடஇந்தியாவில் பலர் நோயில் விழுந்திருக்கிறார்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

சுடுகாட்டு ஓரத்து நித்தியகல்யாணியையும் அப்படியே கடந்துவிடாதீர்கள். மடகாஸ்கர்ச் செடி. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் வந்தது.

## ஆறாம் படி: ஒரே ஒரு ஆவாரம்பூவின் முன் பத்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆவாரையைத் தேட வேண்டியதில்லை. செம்மண் தரிசு எதுவானாலும் இடுப்பளவுப் புதராக நிற்கும். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்ற பொருளில் ஒரு பழமொழியே நமக்கு உண்டு. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதும் இந்தப் பூவை வைத்துத்தான். இதன் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். இவ்வளவு உறவு இருந்தும் பூவின் உள்ளே பார்த்தவர்கள் குறைவு.

ஐந்து மஞ்சள் இதழ்கள், ஓரம் லேசாகச் சுருங்கியிருக்கும். நடுவில் மகரந்தக் கேசரங்கள் பத்து. அவை ஒரே அளவில் இல்லை. மேலே மூன்று குட்டையானவை, மகரந்தம் தராத மலடு. கீழ்ப்பக்கம் இருப்பவை நீண்டு வளைந்திருக்கும். அவற்றோடு பச்சையாக வில்போல வளைந்து நிற்பது சூலகம். பின்னால் காயாகப்போவது அதுதான். தேன் இருக்கிறதா என்று தேடினால் பூவுக்குள் கிடைக்காது. ஆவாரை வண்டுக்குக் கொடுப்பது மகரந்தம் மட்டும்தான். அதையும் மூடி வைத்துத்தான் கொடுக்கிறது. மகரந்தப்பை பக்கவாட்டில் பிளப்பதில்லை, நுனியில் ஒரு சிறு துளைதான். உப்புக் குப்பியைக் கவிழ்த்துத் தட்டுவதுபோலத் தட்டினால்தான் தூள் விழும்.

தட்டுவது யார்? அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் கறுப்பாக, கட்டைவிரல் நுனி அளவில் ஒரு தச்சுத்தேனீ வரும். உத்தரத்தில் வட்டமாகத் துளை போடுமே, அதே ஆள். பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கும். பறக்கும்போது ஒரு ரீங்காரம் இருந்ததல்லவா? இப்போது சுருதி சட்டென்று உயரும். சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் தெறித்து அதன் வயிற்றிலும் முதுகிலும் படியும். கையளவு மகரந்தத்தை எடுத்துக்கொண்டு, தெரியாமலே மீதியை அடுத்த பூவுக்குக் கொண்டுபோகும். நம் தோட்டத்துத் தக்காளிக்கும் கத்தரிக்கும் இதே அதிர்வு வேலை பயன்படுகிறது. காதால் அந்தச் சுருதி மாற்றத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், பிறகு கண்ணை மூடிக்கொண்டே பாதையில் எந்தப் புதர் பூத்திருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள்.

## ஏழாம் படி: பெயரைக் கேளுங்கள், எழுதிவையுங்கள்

பெயர் தெரியாத பூ நினைவில் நிற்பதில்லை. செல்போனில் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் உதவும். ஆனால் பூவை மட்டும் படம் எடுத்துப் போட்டால் அவை தடுமாறும். பூ முன்பக்கம், பூ பக்கவாட்டில், இலை தண்டில் சேரும் இடம், முழுச்செடி, கிடைத்தால் காய் என்று ஐந்து படமாவது எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். உங்கள் நிழலை மேலே விழவைத்து எடுத்தால் மஞ்சள் வெளுத்துப்போகாது.

செயலிக்கு முன்னால் கேட்க வேண்டியவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். எது ஆடு தின்னும், எது தின்னாது என்பது அவர்களுக்குப் பிழைப்பு. ஒருநாள் கண்மாய்க்குள் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?”

“இல்லம்மா, இந்தப் பூவைப் பார்க்கிறேன். இதுக்கு இங்க என்ன பேரு?”

“பொடுதலை. தலையில பொடுகு இருந்தா எண்ணெய் காய்ச்சித் தேய்ப்போம். இதுக்குப் போயி உட்கார்ந்திருக்கீங்களா? கரைக்கு அந்தாண்ட வாங்க, மாவிலங்கம் பூத்து நிக்குது.”

போய்ப் பார்த்தேன். மூன்று மூன்று இலையாகத் துளிர்விட்டிருந்த மரத்தில் வெண்மஞ்சள் பூக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நீளநீளமாக ஊதாக் கேசரங்கள், பூனை மீசைபோல. இரண்டு வருடமாக அந்தக் கரையில் நடந்தும் நான் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை.

நோட்டில் தேதி, இடம், உள்ளூர்ப் பெயர், நிறம், எந்த நேரத்தில் விரிந்திருந்தது, என்ன பூச்சி வந்தது என்று ஐந்து வரி எழுதினால் போதும். ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒன்றைத் தவறு என்று அடிக்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கியிருக்கிறார். அவற்றில் சில இன்றைக்கு எந்தச் செடி என்று அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெயருக்குப் பக்கத்தில் ஒரு இலையின் கோட்டுப்படம் போட்டுவையுங்கள், பின்னால் வருபவருக்கு உதவும். மரங்களை மட்டும் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, பூ, காய், துளிர் விவரத்தைப் பதிவு செய்யலாம்.

## எட்டாம் படி: பறிக்கலாமா?

நான் வைத்திருக்கும் கணக்கு இது. செடி நூற்றுக்கணக்கில் இருந்தால், சமையலுக்கோ மருந்துக்கோ, ஒரு செடியின் பூவில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றிரண்டே இருந்தால் தொடவே கூடாது. வேரோடு பிடுங்குவது எக்காலத்திலும் இல்லை.

வேப்பம்பூவைப் பறிக்கவே வேண்டாம். இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் காலையில் உதிர்ந்தது சேர்ந்திருக்கும். நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கும் பச்சடிக்கும் ஆகும். ஆவாரம்பூ இதழ்களைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைக்கலாம், உலர்த்தித் தேநீராகக் குடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

வாயில் வைக்கக்கூடாதவை: ஊமத்தை, அரளி, நரிவெங்காயம், எருக்கு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் இதை முதலில் சொல்லிவிடுங்கள். எருக்கமொட்டை அமுக்கினால் ‘டப்’பென்று வெடிக்கும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். வெள்ளையாக அரிசிபோலப் பூக்கும் பார்த்தீனியம் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரும். படர்ந்து கிடக்கும் இடத்தை விட்டு விலகிப் போங்கள்.

## ஒன்பதாம் படி: வீட்டில் ஒரு மூலை

பார்க்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே வீட்டில் வைக்கத் தோன்றும். நல்ல ஆசைதான். செடியைத் தோண்டிக்கொண்டு வராதீர்கள். காட்டுச்செடிகள் ஆணிவேரை ஆழமாக விட்டிருக்கும், தோண்டினால் அறுந்துவிடும், அங்கேயும் செத்து இங்கேயும் சாகும். விதையை எடுங்கள்.

தோட்டம் பெரிதாக வேண்டியதில்லை. நல்ல வெயில் படும் பத்துக்குப் பத்து அடி போதும். அதுவும் இல்லையென்றால் மாடியில் ஒன்றரை அடி ஆழமுள்ள நான்கு தொட்டிகள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி. இதற்கு மேல் உரம் போட்டால் செடி இலையாகத் தள்ளும், பூக்காது. பட்டினியில் பூத்துப் பழகிய செடிகள் இவை.

ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரைச் சற்று ஆறவிட்டு அதில் போட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். உப்பிய விதையை மட்டும் நடுங்கள். நட்ட இடத்தைப் பிறகு மாற்றக் கூடாது. சங்குப்பூவையும் ஓர் இரவு ஊறவைத்து வேலி ஓரத்தில் போட்டால் போதும். துத்தி, நித்தியகல்யாணி இரண்டும் தூவினாலே முளைக்கும். விதைக்கும் காலம் கோடை அல்ல. கோடையில் விதை சேகரியுங்கள். ஆடியிலோ புரட்டாசி மழைக்கு முன்போ விதையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துவிட்டால் அடுத்த கோடையைச் செடியே பார்த்துக்கொள்ளும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர். இரண்டாம் கோடையில் நிறுத்திவிடலாம்.

ஒரு சட்டியில் கூழாங்கல் நிரப்பி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும், மூழ்காது. தினமும் மாற்றினால் கொசு வராது. கொஞ்சம் மண்ணை மூடாமல் வெறுமையாக விடுங்கள்; பல சிறு தேனீக்கள் மண்ணில்தான் கூடு தோண்டுகின்றன. காய்ந்த முருங்கைக் கட்டை ஒன்றை ஓரமாகச் சாய்த்துவைத்தால் தச்சுத்தேனீக்கு வீடு ஆயிற்று. பூச்சிமருந்து எதுவும் அந்த மூலைக்கு வேண்டாம்.

எருக்கையும் ஒன்று வளர விட்டேன். அடுத்த வீட்டு அக்கா பதறிப்போய்ச் சொன்னார்: “என்ன தம்பி இது, வீட்டுல எருக்கு முளைச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே!” அவர் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆளில்லாமல் போன வீட்டில்தான் எருக்கு முளைக்கும், அதைப் பார்த்து வந்த பயம் அது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட ஒரு புழு, முதுகில் மூன்று ஜோடி கறுப்பு நூல்களோடு இலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நச்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. பத்து நாள் கழித்து அவரே சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, “கூடு கட்டிடுச்சா தம்பி?” என்று கேட்டார். அந்தச் செடியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொன்னதில்லை. தன் பேத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு வருவார்.

## பத்தாம் படி: கோடைமழைக்கு மறுவாரம்

சித்திரை, வைகாசியில் ஒரு மாலை இடி இடித்து அரைமணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். அந்த வாரம் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு நடக்கப் போங்கள். நேற்றுவரை வெறுமையாகக் கிடந்த செம்மண்ணில் தரையோடு ஒட்டி நீலப்பொட்டாக விஷ்ணுகிரந்தி வரும். காட்டுப்பூக்களில் அசல் நீலம் அரிது. வெள்ளைத் தாளை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள், நிறம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். தும்பை மெல்லத் துளிர்விடும்.

நரிவெங்காயத்துக்கு மழைகூட வேண்டாம். மண்ணுக்குள் கிழங்காக மாதக்கணக்கில் படுத்துக்கிடந்து, உச்சக் கோடையில் இலையே இல்லாமல் ஒரு தண்டை மட்டும் முழங்கால் உயரத்துக்கு அனுப்பும். குச்சியை யாரோ நட்டுவைத்ததுபோல இருக்கும். பகலில் பார்த்தால் வெறும் மொட்டு. பொழுது சாய்ந்தபின் டார்ச் எடுத்துக்கொண்டு போனால் சாம்பல்பச்சை மணிகளாகத் தொங்கும். நான் முதல்முறை பார்த்தபோது இரவு ஏழரை மணி. ஒரு அந்திப்பூச்சி தண்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனேன். முந்தின இரவு விரிந்ததெல்லாம் சுருங்கி, தண்டில் இன்னும் ஒரு சாண் உயரத்துக்கு மொட்டு மீதி இருந்தது.